ஓநாயின் வாய்க்குள் போன பிள்ளை

புதுச்சேரியில் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து மூன்றாவது ஆண்டு அது. ஒரு நாள் ஆசிரியை இரண்டு பக்க ஜெராக்ஸ் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். தலைப்பு இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. "அகராதியைத் தொடாமல் ஒரு முறை படியுங்கள். புரியாத சொல்லுக்கு அடிக்கோடு போட்டால் போதும்" என்றார்.

ஒரு சிறுவனைப் பற்றிய பக்கங்கள் அவை. குர்ஆன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவனை அவனுடைய அப்பா திடீரென்று பிரெஞ்சுப் பள்ளியில் சேர்க்க முடிவு செய்கிறார். பிரெஞ்சு மொழிதான் இப்போது ஆள்கிறது, நீ அதை ஆள வேண்டும், அதற்காக நாங்கள் குழந்தையிலிருந்து உனக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் இப்போதைக்குப் பின்னால் விட்டுவிடு, அதில் தேர்ந்த பிறகு எங்களிடமே திரும்பி வரலாம் என்கிறார். பையன் அதை ஓநாயின் வாய்க்குள் தள்ளப்பட்டதாகச் சொல்கிறான். நாம் புலி வாயில் தலையைக் கொடுப்பது என்போம், பிரெஞ்சில் அது ஓநாய். போன இடத்தில் அவன் நன்றாகவே படிக்கிறான். ஆசிரியை இளம்பெண். அவளுக்குப் பிடித்தவனாக வேண்டும் என்பதற்காகவே கணக்கும் இலக்கணமும் இரவெல்லாம் படிக்கிறான். அம்மா அவனைப் புத்தகத்திலிருந்து இழுத்துப் பார்க்கிறாள், உடம்புக்கு வந்துவிடும் என்கிறாள். அப்புறம் ஒரு மாலை, வருத்தத்தை மறைக்கத் தெரியாத குரலில் கேட்கிறாள். உன்னுடைய அந்த இன்னொரு உலகத்திலிருந்து உன்னை இனி நான் இழுக்கக் கூடாது என்றால், எனக்கும் அந்தப் பிரெஞ்சைச் சொல்லிக்கொடு. ஒரு பிரெஞ்சுச் செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி அவன் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறாள்.

வகுப்பில் எல்லாரும் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னால் மேலே படிக்க முடியவில்லை.

நான் நாலாம் வகுப்பில் ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றப்பட்டவள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் கிடையாது. ஒரு நாள் சமையல் முடிந்த பிறகு அம்மா என் நாலுகோட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "எனக்கும் சொல்லிக்கொடேன்டி" என்றாள். சொல்லிக்கொடுத்தேன். ஏழாவது எழுத்து வரை போனோம். அவள் பேனா பிடித்த விதம் மெதுவாக இருந்தது, எனக்கு விளையாடப் போக வேண்டியிருந்தது. "உனக்கு எதுக்கும்மா இது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன். அவள் மறுபடி கேட்கவில்லை. இந்த விஷயத்தை நான் இருபது ஆண்டுகளாக நினைத்ததுகூட இல்லை. இரண்டு பக்க ஜெராக்ஸ் அதைத் தோண்டி எடுத்து மேசையில் வைத்தது.

வகுப்பு முடிந்து பெயரைக் கேட்டேன். காதெப் யாசின். அல்ஜீரியாக்காரர், நாவலாசிரியர், கவிஞர். அந்தப் பக்கங்கள் 1966-இல் வந்த 'நட்சத்திரப் பலகோணம்' என்ற அவருடைய நூலின் கடைசிப் பக்கங்கள். தாயையும் அவள் மொழியையும் ஒன்றாகவே இழந்தேன் என்று சொல்லி அந்தப் புத்தகம் முடிகிறது. யாராலும் பறிக்க முடியாதவை என்று நினைத்த செல்வங்கள் அவை இரண்டு மட்டும்தான், ஆனாலும் பறிபோயின என்கிறார்.

அன்றிலிருந்து இந்த மனிதரைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றித் தமிழில் நீளமாக எழுத வேண்டும் என்று பல நாளாக ஆசை.

முதலில் பெயர். யாசின்தான் அவருடைய பெயர், காதெப் குடும்பப் பெயர். பள்ளி வருகைப் பதிவேட்டில் குடும்பப் பெயரை முன்னால் போட்டுக் கூப்பிடுவார்கள். அந்த வரிசையையே அவர் புத்தக அட்டையிலும் வைத்துக்கொண்டார். அரபியில் காதெப் என்றால் எழுதுகிறவன். 1929-இல், கிழக்கு அல்ஜீரியாவின் கான்ஸ்தந்தீன் பகுதியில் பிறந்தவர். அப்பா இஸ்லாமியச் சட்ட வழக்குகளை நடத்தும் வக்கீல். வேலை நிமித்தம் ஊர் ஊராக மாறிய குடும்பம். பூர்வீகம் கெல்மாவுக்குக் கிழக்கே நாதோர் மலைப்பகுதியில் இருந்த கெப்லூத் குலம். கெப்லூத் என்ற மூதாதையின் பெயர் அவருடைய புத்தகங்கள் எல்லாவற்றிலும் சாமியாடி மேல் இறங்கும் குலதெய்வம் போலத் திரும்பத் திரும்ப வந்து இறங்கும்.

அம்மாவின் பெயர் யாஸ்மினா. எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று ஒரு வரியில் அவளைக் கடந்துபோகக் கூடாது. பாட்டும் கதையும் பழமொழியும் நடிப்புமாக, அவள் ஒருத்தியே ஒரு முழு நாடகம் என்று மகன் எழுதியிருக்கிறார். இதை இங்கே சொல்லி வைக்கிறேன். பின்னால் இது தேவைப்படும்.

1945 மே 8. ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். பாரிஸ் தெருக்களில் கொண்டாட்டம். பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் செத்திஃப் நகரத்திலும் ஊர்வலம் கிளம்பியது. ஹிட்லருக்கு எதிராகப் பிரான்சுக்காகப் போரிட்ட படைகளில் அல்ஜீரியர்கள் ஏராளம். எங்களுக்கும் விடுதலை வேண்டும் என்று அன்று கேட்டார்கள். சாரணர் இளைஞன் ஒருவன் பிடித்திருந்த அல்ஜீரியக் கொடியைக் கீழே போடச் சொல்லிப் போலீஸ் சுட்டது. பூஸித் சால் என்ற அந்த இளைஞன் இறந்தான். ஆத்திரம் கிராமங்களுக்குப் பரவி நூற்றுச் சொச்சம் ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பதிலடியாக வந்தது வாரக்கணக்கில் நடந்த வேட்டை. விமானங்கள் கிராமங்கள்மேல் குண்டு போட்டன. கடலிலிருந்து போர்க்கப்பல் சுட்டது. கெல்மாவில் குடியேறிகளின் ஆயுதப் படை ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டது, பிணங்களைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு எரித்தார்கள். இறந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர் என்றது பிரெஞ்சு நிர்வாகம். 45,000 என்கிறது அல்ஜீரிய அரசு.

யாசின் அப்போது செத்திஃபில் விடுதியில் தங்கிப் படித்த பதினைந்து வயதுப் பையன். ஊர்வலத்தில் இருந்தான். சில நாளில் கைது. ஏறக்குறைய இரண்டு மாதம் சிறையும் முகாமும். மகனைச் சுட்டுவிட்டார்கள் என்று வீட்டுக்குச் செய்தி போனது. அம்மாவுக்குப் புத்தி பேதலித்தது. மகன் உயிரோடு திரும்பி வந்த பிறகும் அது சரியாகவில்லை. பிளிதா மனநல மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாகவே அவளுடைய மீதி வாழ்க்கை கழிந்தது. ஃப்ரான்ட்ஸ் ஃபனோன் 1953 முதல் 1956 வரை மருத்துவராக வேலை பார்த்ததும், காலனியாதிக்கம் மனிதர்களின் மனதை என்ன செய்கிறது என்று கண்டெழுதியதும் அதே மருத்துவமனையில்தான். நான் இந்த இரண்டையும் தனித்தனியாகப் படித்தவள். ஒரே இடம் என்று தெரிந்த அன்று பெரிய பாரமாக இருந்தது.

சிறையைப் பற்றி யாசின் பின்னாளில் சொன்னது: எனக்கு மிகவும் பிரியமான இரண்டை நான் கண்டுபிடித்தது அங்கேதான், ஒன்று கவிதை, மற்றொன்று புரட்சி. அதுவரை பிரெஞ்சுக் கவிஞர்களைப் படித்துக்கொண்டிருந்த பையன் அவன். பக்கத்தில் படுத்திருந்த விவசாயிகளையும் கூலிக்காரர்களையும் அந்த முகாமில்தான் முதன்முதலாக அருகிலிருந்து பார்க்கிறான். தன் ஜனங்கள் யார் என்று அங்கே தெரிந்துகொள்கிறான். ஆனால் அவர்களைப் பற்றி எழுத அவன் கையில் இருந்த மொழி, அவர்களைச் சிறையில் போட்டவர்களின் மொழி.

பள்ளி அவனை வெளியேற்றியது. அப்பா அவனைக் கடலோரத்துப் போன் நகரத்துக்கு அனுப்பினார், இன்றைய அன்னாபா அது. அங்கே ஒரு காதல். உறவுக்காரப் பெண், அவனைவிட மூத்தவள், ஏற்கெனவே மணமானவள். சில மாதங்கள்தான், முடிந்துவிட்டது. அவளுடைய நிஜப் பெயர் ஸுலைக்கா. அவளுக்கு அவர் எழுத்தில் வைத்த பெயர் நெஜ்மா. அரபியில் நட்சத்திரம். 1946-இல், பதினேழு வயதுக்குள், முதல் கவிதைத் தொகுப்பை அந்த ஊரிலேயே அச்சிட்டார். 1948 தொடக்கத்தில் பாரிஸின் பெயர்பெற்ற இலக்கிய இதழ் ஒன்றில் 'நெஜ்மா, அல்லது கவிதை, அல்லது கத்தி' என்ற நீண்ட கவிதை வந்தது. பின்னால் வரப்போகும் நாவலின் விதை அதில் இருக்கிறது.

இடைப்பட்ட ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். அல்ஜியர்ஸில் ஓர் இடதுசாரி நாளிதழில் நிருபர் வேலை, பத்தாண்டுக்கு முன் எழுத்தாளர் ஆல்பெர் காம்யு வேலை பார்த்த அதே நாளிதழ். சவூதி அரேபியா, சூடான் பயணங்கள். 1950-இல் அப்பா இறந்தார். குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அப்புறம் பிரான்ஸ். 1954 நவம்பர் 1 அன்று விடுதலைப் போர் தொடங்கியது. அந்தப் போர்க்காலம் முழுக்க அவர் ஐரோப்பாவிலும் துனிசியாவிலும் நாடோடி.

நாவலின் கைப்பிரதியைப் பற்றி யாசின் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. பதிப்பகத்தில் படித்துப் பார்த்தவர், இது ரொம்பச் சிக்கலாக இருக்கிறதே, உங்கள் அல்ஜீரியாவில் எவ்வளவு அழகான ஆடுகள் இருக்கின்றன, ஏன் ஆடுகளைப் பற்றி எழுதக் கூடாது என்று கேட்டாராம். காலனி நாட்டு எழுத்தாளனிடம் அந்தக் காலத்துப் பாரிஸ் எதிர்பார்த்தது அதைத்தான். வெயில், ஆடு, பாலைவனம், கொஞ்சம் ஏழ்மை.

'நெஜ்மா' 1956-இல் வெளிவந்தது, போரின் நடுவில். வெளியிட்டவர்கள் முன்னால் ஒரு குறிப்பை வைத்தார்கள். ஐரோப்பியச் சிந்தனை நேர்கோட்டில் போகும், அரபுச் சிந்தனை வட்டமாகச் சுழலும் என்ற மாதிரி ஒரு விளக்கம். அந்தக் குறிப்பைப் படிக்காமல் தாண்டிப் போங்கள் என்பேன். நாவல் வட்டமாகச் சுழல்வது உண்மைதான். அது அரபு மூளையின் இயல்பு என்பது அபத்தம். ஒரே காயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறவன் எந்த மொழிக்காரனாக இருந்தாலும் வட்டமாகத்தான் நடப்பான்.

கதை என்று சொன்னால் இவ்வளவுதான். லக்தர், முராத், முஸ்தஃபா, ரஷீத் என நான்கு இளைஞர்கள். ஒரு கட்டுமான வேலையில் கூலிகள். லக்தர் மேஸ்திரியை அடித்துவிடுகிறான், சிறைக்குப் போகிறான், தப்பித்து வருகிறான். நாவலின் முதல் வாக்கியமே அவன் தப்பித்ததைத்தான் சொல்கிறது. அதே மேஸ்திரியின் மகளுக்குக் கல்யாணம். குடித்த மாப்பிள்ளை வேலைக்காரப் பெண்ணை அடிக்கிறான். தடுக்கப்போன முராத்தின் கையால் மாப்பிள்ளை சாகிறான். நால்வரும் பிரிந்து போகிறார்கள். நால்வரின் மனதிலும் நெஜ்மா. அவளுடைய தாய் ஒரு பிரெஞ்சுப் பெண். தகப்பன் யார் என்று உறுதியில்லை. அந்தத் தாயைத் தூக்கிப்போன ஆண்களில் ஒருவன், ரஷீதின் தகப்பன், மறுநாள் ஒரு குகையில் பிணமாகக் கிடந்தான். அதனால் நெஜ்மாவைக் காதலிக்கிறவனுக்கு அவள் தங்கையாகவும் இருக்கக்கூடும். யாருக்குப் பிறந்தவள் என்று தெரியாத, எல்லாரும் தன்னுடையவள் என்று சொல்லிக்கொள்கிற பெண். அவளை அல்ஜீரியா என்று படிக்காத விமர்சகர் இல்லை.

நான் முதலில் ரிச்சர்ட் ஹோவர்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் முட்டி மோதி, பிறகு பிரெஞ்சில் படித்தேன். இரண்டு முறையும் நடுவில் தொலைந்து போனேன். ஆறு பாகங்கள், ஒவ்வொன்றும் ஒன்பது அல்லது பன்னிரண்டு குட்டிக் குட்டித் துண்டுகள். 1945-இல் தொடங்கிய வாக்கியம் பிரெஞ்சுப் படை வந்திறங்கிய 1830-க்குப் போய், நூமிடிய அரசன் யுகுர்த்தா காலத்துக்குப் போய், ஒரு மதுக்கடையில் வந்து நிற்கும். தொடக்கத்தில் படித்த பத்திகள் கடைசியில் அப்படியே திரும்பி வரும். மூன்றாம் முறை பேப்பர் பென்சில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, ஊரில் பாரதக் கூத்து பார்ப்பது போல உட்கார்ந்து படித்தேன். கூத்தில் எந்தக் கதையும் முதலிலிருந்து தொடங்குவதில்லை, எல்லாருக்கும் முடிவு தெரியும், ஆனாலும் விடிய விடிய உட்காருகிறோம். அப்படிப் படித்தபோதுதான் இந்த நாவல் எனக்குக் கையில் வந்தது.

ரஷீத் வரும் கான்ஸ்தந்தீன் பகுதிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரூமெல் ஆறு அறுத்துப்போட்ட செங்குத்துப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கிற ஊர் அது. பாலங்கள்தான் அதைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. ரோமானியர் காலத்து சிர்த்தா இதே பாறைதான். பாறைக்கு மேல் ஒரு சத்திரத்தின் மாடியில் ரஷீத் கஞ்சாப் புகைக்கு நடுவே உட்கார்ந்து கீழே பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறான். அழிந்த நகரங்கள், தோற்ற குலங்கள், தகப்பன் விட்டுப்போன கடன். பேசுகிறவன் ஒரு வேலையில்லாப் பட்டதாரி போன்றவன், பேசுவதோ ஒரு நாட்டின் ஈராயிரம் ஆண்டு. எந்த இடத்தில் உரைநடை நின்று கவிதை தொடங்கியது என்று என்னால் கோடு போட முடியவில்லை. முஸ்தஃபாவின் தாய் புத்தி பிசகி வருகிற பக்கங்களும் உண்டு, சில பக்கங்கள்தான். யாஸ்மினாவின் கதை தெரிந்த பிறகு அவற்றை வேகமாகப் படிக்க முடியாது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நாவலின் பெயரே நெஜ்மா. அவளோ அதில் மிகக் குறைவாகவே பேசுகிறாள். நான்கு ஆண்களின் கனவுக்குள் அடைபட்டுக் கிடக்கிறாள். ஒரு பெண்ணை நாடாக ஆக்கும்போது பெண் காணாமல் போகிறாள். இது நமக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் இதே யாசின்தான் 1979-இல் யமினா மெஷாக்ரா என்ற இளம் எழுத்தாளரின் முதல் நாவலுக்கு முன்னுரை எழுதி, நம் நாட்டில் எழுதுகிற பெண் தன் எடைக்கு எடை வெடிமருந்துக்குச் சமம் என்றார். நடுவில் அவர் எங்கேயோ நகர்ந்திருக்கிறார்.

யாசின் என்றதும் எல்லாரும் மேற்கோள் காட்டுவது ஒரே சொல்லைத்தான். பிரெஞ்சு எங்களுக்குப் போரில் கிடைத்த கொள்ளைப்பொருள் என்றார் அவர். எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது போல மொழியையும் வைத்துக்கொண்டோம், அதை ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற அர்த்தத்தில். நான் பிரெஞ்சுக்காரன் இல்லை என்பதைப் பிரெஞ்சுக்காரர்களிடம் சொல்லத்தான் பிரெஞ்சில் எழுதுகிறேன் என்றும் சொன்னார். கம்பீரமான வார்த்தைகள். கூட்டங்களில் கைதட்டல் வாங்கும். ஆனால் இந்த வார்த்தைகளோடு அவரை முடித்துவிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கொள்ளைக்கு என்ன விலை கொடுத்தார் என்பது கைதட்டலில் மறைந்துபோகிறது. அதற்குப் பிறகு அவர் செய்ததும் மறைந்துபோகிறது.

அதே தலைமுறையில் மலேக் ஹதாத் என்று ஒருவர், அவரும் நாவலாசிரியர், கவிஞர், கான்ஸ்தந்தீன்காரர். பிரெஞ்சு மொழி என் நாடுகடத்தல் என்றவர். விடுதலைக்குப் பின் நாவல் எழுதுவதையே நிறுத்திக்கொண்டார். அது ஒரு வழி. நேர்மையான வழி, ஆனால் மனதை அறுக்கிற வழி. யாசின் வேறு வழியில் போனார்.

1962-இல் விடுதலை. புதிய அரசு அரபியை ஆட்சிமொழி ஆக்கியது. எந்த அரபி என்பதில்தான் சிக்கல். குர்ஆனிலும் செய்தித்தாளிலும் வானொலிச் செய்தியிலும் இருக்கிற இலக்கிய அரபியை அல்ஜீரியாவில் எந்தத் தாயும் பிள்ளையிடம் பேசுவதில்லை. வீட்டிலும் சந்தையிலும் பேசுவது தாரிஜா என்கிற பேச்சு அரபி. அதில் பெர்பர் சொல், துருக்கிச் சொல், பிரெஞ்சுச் சொல் எல்லாம் கலந்திருக்கும். மலைநாட்டு ஜனங்கள் பேசுவது அதற்கும் முந்திய பெர்பர் மொழியான தமாஸிக்த். இரண்டுக்கும் அரசிடம் மரியாதை இல்லை. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் விலகி நிற்பதை அன்றாடம் பார்க்கிற நமக்கு இது ஓரளவு புரியும். ஆனால் அங்கே இடைவெளி இன்னும் அகலம். பள்ளிக்கூடம் போகாத ஒரு கிழவிக்கு வானொலிச் செய்தி பாதிக்கு மேல் புரியாது.

யாசின் 1967-இல் வியட்நாம் போனார். அந்நாட்டுத் தலைவர் ஹோ சி மின்னை வைத்து 'ரப்பர் செருப்பு மனிதன்' என்ற நாடகத்தை எழுதினார், 1970-இல் அச்சில் வந்தது. அதோடு பிரெஞ்சை ஏறக்கட்டிவிட்டு ஊருக்குத் திரும்பினார். நாற்பதை ஒட்டிய வயது, உலகப் புகழ், பாரிஸில் அடுத்த நாவலுக்குக் காத்திருக்கும் பதிப்பகம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அல்ஜியர்ஸின் பாப் எல் உவேத் பகுதியில் வசதியற்ற ஒரு சின்ன நாடகக் குழுவோடு சேர்ந்தார். இனிமேல் தாரிஜாவில்தான் நாடகம்.

1971-இல் 'முகமது, பெட்டியை எடு'. பிழைப்புக்குப் பிரான்ஸ் போகும் தொழிலாளியின் கதை. இங்கே இருக்கும் பணக்காரனும் அங்கே இருக்கும் முதலாளியும் சேர்ந்து அவன் கையில் பெட்டியைக் கொடுக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதைப் பிரான்ஸுக்குக் கொண்டுபோய், அங்கே வேலை செய்த அல்ஜீரியத் தொழிலாளர்கள் முன்னால் போட்டார்கள். அப்புறம் 'பெண்களின் குரல்', 'ஈராயிரம் ஆண்டுப் போர்', 'காட்டிக்கொடுக்கப்பட்ட பாலஸ்தீனம்'. அரங்கம் வேண்டியதில்லை. தொழிற்சாலை, பள்ளிக்கூடம், கிராமத்துத் திடல், ராணுவக் கொட்டகை, எங்கே ஜனம் இருக்கிறதோ அங்கே. திரை கிடையாது, சோடனை கிடையாது. பார்ப்பவர் கண் முன்னாலேயே ஒரு நடிகர் தொப்பியை மாற்றிக்கொண்டு வேறு ஆளாவார். பாட்டு நிறைய. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஜுஹா கதைகள், நமக்குத் தெனாலிராமன் மாதிரி, அதிலிருந்து வரும் சிரிப்பு. பிரதி என்று ஒன்று நிலையாக இருக்காது. நேற்றுச் சிரிக்காத இடத்தை இன்று மாற்றுவார்கள், இன்று காலைச் செய்தி மாலையில் வசனமாகும்.

விமர்சகர்கள் பலர் இந்தக் காலத்தை யாசினின் மௌனம் என்று எழுதுகிறார்கள். பதினைந்து ஆண்டுக்கு மேல் புதிதாக நாவல் இல்லை, எனவே மௌனம். எனக்கு இது தாங்கவே முடியாத வார்த்தை. ஆயிரக்கணக்கான பேர் முன்னால் இரவு இரவாகப் பேசிக்கொண்டிருந்த மனிதனை மௌனி என்று சொல்ல, அவர் பேசிய மொழியை மொழியென்றே ஒப்புக்கொள்ளாத காது வேண்டும். இந்த நாடகங்கள் 'நெஜ்மா' அளவுக்குக் கலையா என்று கேட்டால், படித்துப் பார்த்த அளவில், இல்லை என்றுதான் சொல்வேன். அரசியல் ஆட்கள் கேலிச்சித்திரம் போல வந்து போகிறார்கள், பிரசாரம் சில இடங்களில் தூக்கலாகத் தெரிகிறது. ஆனால் நான் படித்தது 1999-இல் தொகுத்து வந்த பிரெஞ்சு வடிவங்களை. திடலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்துப் பார்த்தவர்களிடம் இருப்பது வேறொரு படைப்பு. தெருக்கூத்தை அச்சில் படித்துவிட்டு அதன் தரத்தைச் சொல்ல முடியுமா?

இங்கேதான் அம்மா வருகிறாள். அவள் ஒருத்தியே ஒரு முழு நாடகம் என்றாரே. முதல் வாழ்க்கையை அப்பா சொன்னபடி வாழ்ந்தார் யாசின்: போ, அவர்கள் மொழியை ஆள், பிறகு திரும்பி வா. பெரும்பாலான பிள்ளைகள் முதல் இரண்டைச் செய்துவிட்டு மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். இவர் மூன்றாவதையும் செய்தார். திரும்பி வந்து உட்கார்ந்தது அம்மாவின் நாடகத்தில், அம்மாவுக்குப் புரியும் மொழியில். பிரெஞ்சைக் கொள்ளைப்பொருள் என்று சொன்ன வாயால் சொல்லாமல் விட்டதை அவர் நடந்து காட்டினார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அரசுக்கு அவரைப் பிடிக்கவில்லை, மதவாதிகளுக்கு அறவே பிடிக்கவில்லை. 1978-இல் தலைநகரத்திலிருந்து தள்ளி, மேற்கே ஸிதி பெல் அப்பேஸ் நகர நாடக அரங்கின் இயக்குநராக அனுப்பினார்கள். பிரெஞ்சு அயல்நாட்டுப் படையின் தலைமையகமாக ஒரு காலத்தில் இருந்த ஊர் அது. பதவி உயர்வு மாதிரியும் இருந்தது, நாடுகடத்தல் மாதிரியும் இருந்தது. போன இடத்திலும் நாடகம் போட்டார். 1980-இல் தமாஸிக்த் மொழிக்காக மலைநாடு கொதித்தபோது வெளிப்படையாக அவர்கள் பக்கம் நின்றார். அவர் வளர்ந்தது அரபி பேசும் வீட்டில், அது அவர் பேசிய மொழியே இல்லை. ஆனாலும் 1972-இல் பிறந்த மகனுக்கு அமஸிக் என்று பெயர் வைத்திருந்தார், பெர்பர் மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் அது. அந்தப் பிள்ளை இன்று பாடகர், அரபியிலும் பிரெஞ்சிலும் பாடுகிறார். தமாஸிக்த் தேசிய மொழியாக ஏற்கப்பட்டது 2002-இல், ஆட்சிமொழியானது 2016-இல். யாசின் இரண்டையும் பார்க்கவில்லை.

1987-இல் பிரான்ஸ் தன் தேசிய இலக்கியப் பெரும்பரிசை அவருக்குக் கொடுத்தது. 1989 அக்டோபர் 28 அன்று கிரனோபிள் நகரத்தில் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அறுபது வயது.

அதையொட்டி அவருடைய உறவினரும் அல்ஜீரிய நாடகத்தின் பெரிய ஆளுமையுமான முஸ்தஃபா காதெப் பிரான்ஸிலேயே இறந்தார். இரண்டு உடல்களும் சேர்ந்தே ஊருக்கு வந்தன. முஸ்தஃபாவின் சகோதரிதான் ஸுலைக்கா, நெஜ்மா. அண்ணனின் உடலுக்காக வந்த இடத்தில், நாற்பது ஆண்டுக்கு முன் தன்னை நட்சத்திரமாக்கிய பையனின் உடலையும் அவள் பார்க்க நேர்ந்ததை யாசினின் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நாவல் முழுக்க அவளைச் சுற்றி நான்கு பேர் பேசுகிறார்கள். அன்று அவள் மனதில் ஓடியது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நவம்பர் 1 அன்று அல்ஜியர்ஸின் எல் அலியா மயானத்தில் அடக்கம். போர் தொடங்கிய நாள், தேசிய விடுமுறை. வழக்கப்படி மயானத்துக்கு வராத பெண்கள் அன்று வந்தார்கள், குலவையிட்டார்கள். ஓதுகிறவர் ஒரு பக்கம் ஓத, இன்னொரு பக்கம் இளைஞர்கள் தொழிலாளர்களின் சர்வதேச கீதத்தைப் பாடினார்கள். அரபி, தமாஸிக்த், பிரெஞ்சு என்று மூன்று மொழிகளும் அந்தக் குழியைச் சுற்றிக் கலந்து கேட்டன. அவருடைய நாடகத்திலும் இப்படித்தான் கேட்டிருக்கும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 'நட்சத்திரப் பலகோணம்' நூலின் கடைசி மூன்று பக்கங்களிலிருந்து. அப்புறம் 'நெஜ்மா', முன்குறிப்பைத் தாண்டிவிட்டு. தொலைந்துபோனால் பயப்படாமல் மேலே போங்கள், அவர் திரும்ப அதே இடத்துக்குக் கூட்டி வருவார்.

அந்தக் கடைசிப் பக்கங்களை நான் தமிழில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்காக. மற்ற வாக்கியங்கள் எப்படியோ வந்துவிட்டன. தாய் கேட்கிற அந்த ஒரு வாக்கியத்தில் ரொம்ப நாள் நின்றேன். பிரெஞ்சில் 'அப்ராந்த்ர்' என்ற ஒரே வினைதான் கற்பதற்கும் கற்பிப்பதற்கும். யாஸ்மினா அதைப் பிரெஞ்சில் கேட்டிருக்க முடியாது, பிரெஞ்சு வேண்டும் என்றுதானே கேட்கிறாள். அவள் கேட்டது தாரிஜாவில். அந்தச் சொற்கள் புத்தகத்தில் இல்லை. மகன் அவற்றை ஓநாயின் மொழியில்தான் எழுதி வைத்தார், வேறு மொழியில் எழுத அப்போது அவருக்கு வராது. "எனக்குப் பிரெஞ்சு மொழியைக் கற்பிப்பாயாக" என்று முதலில் எழுதி அடித்தேன். "கற்றுக்கொடு" என்று போட்டு அதையும் அடித்தேன். போன வாரம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். கடைசியில், அவள் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நாலாம் வகுப்பில் கேட்ட அதே சொல்லை எழுதினேன். எனக்கும் சொல்லிக்கொடேன்.